கை போன அறிவித்தல்

அக்காவின் மகளுக்கு மூன்று வயது. காய்ச்சலோடு அவள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புக் கொப்புளங்கள் கிளம்பியபோது, அது கை, கால், வாய் நோய் என்று எங்கள் கந்தப்பளைத் தோட்டத்தில் முதலில் சொன்னது நான்தான். போனில் வாசித்திருந்தேன்: என்டரோவைரஸ் கூட்டத்தின் வேலை, பிள்ளைகளுக்குள் சட்டென்று தொற்றும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடும். டொக்டரும் அதையே சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். வாய்ப் புண்ணால் பிள்ளை குடிக்க மறுக்கும். ஆறிய பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் போகாவிட்டால் நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டிவரும்.

நான் சும்மா இருப்பேனா? வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன். கலர் பேனாவால், வரிக்கு ஒரு சொல்லாக, கை, கால், வாய், நோய். அடியில் ‘பரவுகிறது, வெளியே விடாதீர்கள்’. யாரை என்று எழுதவில்லை. அந்தக் கதவில் வேறு யாரைப் பற்றி எழுதுவார்கள்?

அன்று மாலை மழையில் கூரைத் தகரம் ஒழுகி, முதல் வரியைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது கால், வாய் நோய். அது மாடுகளுக்கு வருவது.

இது தெரியாமல் காலையில் போத்தலோடு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு மாமாவிடம் பால் வாங்கப் போனேன். அவர் முகத்தில் மாஸ்க். மாட்டின் வாயில் சாக்கு.

“பால் இல்ல புள்ள. நோய் வந்திருக்கு.”

“மாட்டுக்கா? யாரு மாமா சொன்னா?”

“நீதான். படிச்ச புள்ள எழுதி ஒட்டியிருக்குன்னு நாலு வீட்டு மாட்டையும் உள்ளயே கட்டிப் போட்டிருக்கோம்.”

“ஐயோ மாமா, அது கை, கால், வாய். கைய மழ கொண்டுபோயிருச்சு.”

“மாட்டுக்கு ஏது புள்ள கை?”

“அதத்தானே நானும் சொல்றேன்!”

அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்துவிட்டாள். “நேத்துப் பொழுது சாஞ்சதுலேருந்து ஒரு சொட்டு குடிக்கல. ஒண்ணுக்கும் போகல. நீ இங்க மாட்டுக்கு வைத்தியம் பாக்குறியா?”

எனக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

மாமா சாக்கை அவிழ்த்து, மாட்டின் வாயைப் பிளந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிள்ளையும் தன் வாயை ஆவென்று திறந்தது. அதற்கும் டோர்ச் அடித்தார்.

“மாடு சுத்தம். புண்ணு இவளுக்குத்தான்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கறக்க உட்கார்ந்தார்.

பாலைக் காய்ச்சி, குழாய்த் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆறவிட்டோம். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டது. மாமா வாளித் தண்ணீரை மாட்டுக்கு வைத்தார். மாடு உறிஞ்சியது. அதைப் பார்த்து இவளும் ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், மாட்டைப் பார்த்தாள், இன்னொரு வாய். இப்படியே ஒரு கோப்பை முடிய வெகு நேரம் ஆனது. மாடு இரண்டு வாளி குடித்தது.

பத்து மணி போல அக்காவின் மடி நனைந்தது.

“போயிட்டா! போயிட்டா!” என்று அக்கா லயம் முழுக்கக் கேட்க அலறினாள்.

பக்கத்து வீட்டுப் பெண் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு, நெஞ்சில் அடித்தபடி ஓடிவந்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். அக்கா ஈரப் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒண்ணுக்குடி!”