வாய் திறக்காததற்கு வந்த வழக்கு

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்பது என் பிழைப்பு. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேசி முடிப்போம். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது.

ஒரு சந்தை நாளில், நான் ஓட்டி வந்த ஆடுகளோடு வடமதுரை வியாபாரி ஒருவரின் கருப்புக் கிடாவும் கலந்து வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில், கிடாவைக் காணோம் என்று அவர் கொடுத்த புகாரோடு என் கொட்டகை வாசலில் போலீஸ்காரர் நின்றார்.

"யோவ், திருடுனியா இல்லையா? சொல்லு."

'இல்லை' என்ற ஒரு சொல் கூட வரவில்லை. திருட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

திண்டுக்கல் கோர்ட்டில் ஜட்ஜம்மா கேட்டபோதும் தலையைத்தான் தொங்கப்போட்டேன். அரசு வக்கீல், "குற்றமில்லாதவர் அப்பவே மறுத்திருப்பார். இவர் பேசாம நிக்கிறதே சாட்சி" என்றார். ஜெயில்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

எனக்காக வாதாடிய வக்கீலம்மா, கூண்டில் நின்ற வடமதுரைக்காரரிடம் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இவருக்கு ஆடு வித்திருக்கீங்களா?"

"எத்தனையோ தடவைம்மா."

"அப்ப என்ன பேசுவார்?"

"இவரா! விரலைப் பிடிப்பாரு, தலைய ஆட்டுவாரு, ஆட்ட ஓட்டிட்டுப் போயிருவாரு. இம்புட்டு வருசத்துல இவரு குரலே எனக்குத் தெரியாதும்மா."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வக்கீலம்மா மேலும் கேட்டார்.

"பேசாததால ஏமாத்துறாருன்னு நினைச்சீங்களா?"

"சேச்சே, நாணயமான மனுசன்!"

"சந்தையில ஆடு மாறிக் கலக்குமா?"

"வாராவாரம் கலக்கும். என் பட்டிக்கே வந்திருக்கு, திருப்பிக் கொடுத்திருக்கேன்."

பேசாமல் இருந்ததை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்ல முடியாது, திருடினார் என்று காட்ட வேண்டியது போலீஸின் வேலை, அதை அவர்கள் காட்டவில்லை என்று ஜட்ஜம்மா தீர்ப்புச் சொன்னார். விடுதலை.

வெளியே டீக்கடையில் வடமதுரைக்காரர் துண்டை விரித்து என் கையைப் பிடித்தார்.

"அந்தக் கிடாய நீங்களே வாங்கிக்கங்க. வெலைய உள்ள சொல்லுங்க."

"வேணாம்ணே! அந்தச் சனியன் உங்க வீட்டுலயே கெடக்கட்டும்!"

கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

"அடேயப்பா, இம்புட்டுக் குரலா! இதுல பாதிய அன்னைக்கே விட்டிருந்தா நானும் கோர்ட்டுக்கு அலையாம ஏவாரத்தப் பாத்திருப்பேனே!"

ஆட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் பூசிவிட்டு, தை இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கலன்று இதை எழுதினேன்.