தம்பி மேல் ஒரு புகார்

சான் மரினோவில் எந்தப் பக்கம் காரை விட்டாலும் அரை மணி நேரத்துக்குள் இத்தாலி வந்துவிடும். அத்தனை சின்ன நாட்டில் எல்டாவுக்கு இருந்த ஒரே குறை பேருந்து. மலையடிவாரத்தில் இருந்த அவள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வராது. பக்கவாதத்தில் விழுந்த கணவர் லீவியோ மலைமேல் முதியோர் இல்லத்தில் இருந்தார். தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் எல்டாவுக்கோ ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை.

கேட்பதற்கு வழி இருந்தது. அந்த நாட்டுக்கு ராஜா கிடையாது. எழுநூறு வருஷத்துக்கும் மேலாக இரண்டு தலைவர்கள்தான். ஆறே மாதம், பிறகு வீட்டுக்குப் போய்விட வேண்டும். புதியவர்கள் பதவியேற்றதற்கு அடுத்த ஞாயிறு, குடிமக்கள் யாரும் நேரில் போய் மனுக் கொடுக்கலாம். அது பொதுநலம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அறுபது பேர் கொண்ட பேரவைக்குப் போகும். ஒருவர் வேண்டாமென்றாலும் அதோடு சரி.

அந்த ஏப்ரலில் இருவரில் ஒருவன் எல்டாவின் தம்பி நெவியோ. பேரவை உறுப்பினன், பல் டாக்டர். ஊரில் பாதிப் பேர் அவனிடம் வாயைத் திறந்தவர்கள். அக்கா அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். கறுப்பு வெல்வெட்டில் அவன் விறைத்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எல்டாவுக்குச் சிரிப்பு முட்டியது. "மேன்மை தங்கிய தலைவரே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனுவை நீட்டினாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. சொந்த நலனுக்கான மனு, ஏற்பதற்கில்லை. மறுத்தது இன்னொருவர் அல்ல, தம்பியேதான். அன்று மாலையே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்க்கா."

"கார் ஓட்டத் தெரியாத கெழடுங்க இந்தத் தெருவுல பதினாலு பேரு இருக்கோம். எல்லாரையும் மடியில வச்சா கூட்டிட்டுப் போவ?"

அதன்பிறகு ஐந்து மாதம் எல்டா அவனோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் மேடேறி நடந்தாள்.

அக்டோபரில் அவன் பதவி முடிந்தது. இறங்கியவர்கள் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் நீதிபதிகளிடம் யாரும் புகார் கொடுக்கலாம். அதற்குச் சில நாள் தவணை உண்டு. எல்டா கொடுப்பாளா மாட்டாளா என்று கடைத்தெருவே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. கடைசி நாள் வரை கடத்தினாள். முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை. எழுதிய தாளோடு நேரே அவன் கிளினிக்குக்குப் போனாள்.

நெவியோ இரண்டு முறை படித்தான்.

"ஏன் மறுத்தேன்னு எழுதலையே?"

"எனக்கெப்படிடா தெரியும்?"

"அக்காவுக்கு பஸ் விட்டுக்கிட்டான்னு ஊரு பேசும்னு பயந்துட்டேன். அத எழுது."

"ஒனக்குத்தான்டா தலகுனிவு."

"அந்தப் பதினாலு பேரும் எங்கிட்ட வர்றவங்கதான். பாதிப் பேருக்குப் பல்லே நான் கட்டினது. அவங்ககிட்ட மறைச்சுட்டு எப்படி மூஞ்சியக் காட்டுவேன்? எழுதுக்கா."

அவன் பேனாவையே வாங்கி எழுதினாள் எல்டா. ஐந்து மாதக் கோபம் போன இடம் தெரியவில்லை, அழுகைதான் வந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாள்.