அம்மாவின் தெத்துப்பல்

தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பெற்றவள் வைத்த பட்டப்பெயர் வேறு: தேசாந்திரி. ஆண்டுக்கு ஒரு முறை வேலையை ஏறக்கட்டிவிட்டு, பெட்டியும் கையுமாக ஏதாவது ஒரு தேசத்துக்குக் கிளம்பிவிடுகிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, கழுத்து வளைகிற விளக்கு, அலமாரி நிறையப் பல் டாக்டர்கள் அனுப்பிய பிளாஸ்டர் அச்சுகள். அச்சின்மேல் மெழுகு படித்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வாயில் வைத்துப் பார்த்துச் சரியென்றால் கெட்டியாக வார்த்துக் கொடுப்பது அவர் தொழில்.

இந்தத் தொழிலைப் படிக்கத்தான் இளவயதில் கடல் தாண்டினார். அப்போது ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. அறையை விட்டால் காலேஜ், காலேஜை விட்டால் அறை. செக்குமாடுதான். அந்தச் செக்கிலிருந்து அவரை அவிழ்த்துவிட்டவள் பஸ் ஓட்டுகிற ஒரு பெண். விபத்தொன்றில் முன்பற்களை இழந்தவள். அவர் முதன்முதலாகத் தனியாகச் செய்த பல்வரிசை அவளுக்குத்தான். முத்துக் கோத்தாற்போல் செய்திருந்தார். வாத்தியாரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளோ கண்ணாடியில் பார்த்துவிட்டு, கழற்றி அவர் கையில் வைத்தாள். கோபப்படவில்லை. பாதி பாஷையும் பாதி ஜாடையுமாக, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

போனார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அவள் தாய், தங்கைகள், தங்கை பிள்ளைகள். அத்தனை பேருக்கும் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. குறையென்று நினைத்து அவர் அடைத்த சந்து, அந்தக் குடும்பத்தின் முத்திரை. அவர் விழித்த விழியைப் பார்த்து மேஜையே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்நிய மண்ணில் கால் வைத்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அன்று பிடித்த பைத்தியம். எந்தத் தேசத்துக்குப் போனாலும் கோட்டை கொத்தளம் தேட மாட்டார். சந்தையில் நிற்பார், பஸ்ஸில் உட்காருவார், ஜனங்கள் சிரிப்பதைப் பார்ப்பார். தோளைக் குலுக்கிச் சிரிக்கிறவர்கள், சத்தமே வராமல் கண்ணால் சிரிக்கிறவர்கள், பக்கத்திலிருப்பவரின் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறவர்கள். திரும்பி வந்து மனைவியிடம் நடித்துக் காட்டுவார். குரங்காட்டி ஊருக்கு வந்தாச்சு என்பாள் அவள்.

அப்படிப்பட்டவருக்கு வீட்டுக்குள்ளேயே சோதனை வந்தது. அம்மாவின் கடைசிப் பற்களும் விழுந்தன. இரண்டு முறை பல் செய்து கொடுத்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இரண்டையும் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டாள். கரைத்ததையும் குழைத்ததையுமே விழுங்கி, உடம்பு ஓலையாய்க் காய்ந்துபோனது. இப்படியே விட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனிடம் பேச்சும் அறுந்துவிட்டது.

மூன்றாவது வரிசையை மெழுகில் நட்டு எடுத்துக்கொண்டு, அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எங்கம்மா குத்துது? சொல்லு, சீவி விடறேன்."

"குத்தல."

"பின்ன என்ன? இதைப் போட்டா ராணி மாதிரி இருப்பியே."

"ராணி வேணும்னா போட்டுக்கட்டும்." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊர் உலகத்துல உள்ளவங்க வாயெல்லாம் பாத்துட்டு வந்தியே. பெத்தவ வாயை ஒரு நாளாவது பாத்தியாடா?"

கையிலிருந்த நேர்வரிசையைக் குனிந்து பார்த்தார். தெத்துப்பல்! அம்மாவுக்குத் தெத்துப்பல் உண்டு. உயிரோடிருந்தவரை அப்பா அதைச் சொல்லித்தான் கேலி செய்வார். உங்கம்மாவுக்கு முன்னாடி அந்தப் பல்லுதான் என்னை எட்டிப் பாத்துச்சு என்பார். பஸ்காரி வீட்டு மேஜைவரை போய் உட்கார்ந்து பார்த்தவர், சொந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

எழுந்து பட்டறைக்கு ஓடினார். கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கினார். கோரைப்பல்லைத் திருப்பப் போன விரல் அப்படியே நின்றது.

வலப்பக்கமா, இடப்பக்கமா?

கண்ணை மூடிப் பார்த்தார். சிரிக்கும் அம்மா வந்தாள். வாயை மறைத்த கையும் கூடவே வந்தது. எப்போது சிரித்தாலும் அம்மாவின் கை வாய்க்குப் போய்விடும். ஏழு கடல் தாண்டிச் சிரிப்பைத் தேடிப் போனவருக்கு, பத்து மாதம் சுமந்தவளின் சிரிப்பு ஒரேயொரு கைக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கையை விலக்கிப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லையே! பிளாஸ்டர் தூசி படிந்த மேஜையில் கண்ணீர் சொட்டியது.

மெழுகை ஏந்திக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்தார்.

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலம்மா."

அம்மா சுவரை விட்டு மகன் பக்கம் திரும்பினாள். பிறகு அவர் கையைப் பற்றி, கட்டைவிரலை இடப்பக்கத்துக் கோரைப்பல்லின்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். இளகிய மெழுகில் பல் திரும்பி, பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். "உங்கப்பா கேலி பண்ற அளவுக்கு."

மெழுகு இறுகியதும் வாயில் வைத்துவிட்டார். அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கழற்றவில்லை.

"அந்தப் பஸ் ஓட்டறவ எப்படிடா சிரிச்சா? பொண்டாட்டிக்கு மட்டும்தான் காட்டுவியா?"

ஈரக் கண்களோடு அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக் காட்டினார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழக்க தோஷம், கை மேலே எழுந்தது.

பாதி வழியில் அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா," என்றார். "நான் இன்னும் பாக்கல."