மூச்சக்காவின் கை

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்றுதான் பெயர். பதினோரு வருஷமாக மாடி அறையில் பாய் விரித்து, நிறைமாதக்காரிகளுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறாள். "பொறந்ததுலேருந்து அதைத்தானே செய்யறோம், இதுக்கு ஒரு வகுப்பா?" என்று கிண்டலடிக்கும் புருஷன்மார்களையும் உட்காரவைத்து, மனைவியின் முழங்காலில் தட்டச் சொல்வாள். நாலு தட்டு இழு, ஆறு தட்டு விடு. "அவசரக் குடுக்கைகள் வாசலோட நின்னுக்கணும்" என்பது முதல் நாள் சட்டம்.

அன்று காலை வலியில் படுத்திருந்தது சொந்தத் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த முதல் குழந்தை அழவேயில்லை. அந்தப் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் மூச்சக்கா தங்கையின் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உதடு மரத்துப்போச்சு. விரலெல்லாம் இழுக்குது."

பார்த்தால், விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. ஐயோ, வலிப்பா? கை ஓடாமல் நின்றிருந்தால்கூடத் தேவலை, அவள் கை இன்னும் வேகமாக ஓடியது.

நர்ஸ் வந்து தங்கையைப் பார்த்தாள், பிறகு மூச்சக்காவின் கையைப் பார்த்தாள். "என்னக்கா இது, தையல் மிஷின் மாதிரி அடிக்கிறீங்க? அதுக்குத் தக்கன அவளும் வாங்கறா. வேகமா மூச்சு வாங்கினா விரல் இழுக்கும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலோடு நிற்கவேண்டியவள் அவளேதான். எழுந்தாள். தங்கை மடங்கிய விரல்களாலேயே அவள் மணிக்கட்டைக் கொக்கிபோட்டு இழுத்தாள்.

"நீ போயிட்டா நான் யாரைப் பிடிச்சுக்கறது? தட்டாம உட்காரு. நான் எண்ணறேன், நீ என்கூட மூச்சு விடு."

தங்கை எண்ண, அக்கா விட்டாள். பத்து நிமிஷத்தில் விரல்கள் தளர்ந்தன. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மதியத்துக்கு முன் குழந்தை வந்தது. பெண். சத்தமில்லை. நர்ஸ் துண்டால் அதன் முதுகைத் தேய்த்தாள். அழுடி கண்ணு, அழுது தொலையேன்! மூச்சக்கா மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாலுக்கு மேல் போகப் பயந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் ஒன்றிலிருந்து.

முதலில் ஒரு முனகல். பிறகு வீறிட்டு அழுகை.

தங்கை கண்ணீரும் சிரிப்புமாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அவளே மூச்சு விட்டுட்டா. நீ இன்னும் ஏன்க்கா பிடிச்சு வச்சிருக்கே?"