தையல்நாயகி அத்தையின் முத்துகள்

தையல்நாயகி அத்தை பாவு புணைப்பவள். தறியில் பழைய பாவு முடிகிறபோது அதன் ஒவ்வோர் இழையோடும் புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முறுக்கி முறுக்கி அவள் கட்டைவிரலில் ரேகையே போய்விட்டது. எட்டு வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. ஆத்தா முத்துப் பதித்த முகம் என்று சொல்லித்தான் வீரபத்திரன் மாமா அவளைக் கட்டிக்கொண்டார். அவள் முந்தானையை நான் தூணில் முடிச்சுப் போட்டு வைத்தால், திட்டிக்கொண்டே அவிழ்த்து, அதே கையால் பொரிவிளங்காய் உருண்டை கொடுப்பாள்.

போன ஐப்பசியில் செத்துப் போனாள். கருமாதியன்று இரங்கற்பா அச்சடித்துக் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். கலியாணசுந்தர வாத்தியார் எழுதினார். கருமாதிக்கு முதல் நாள் காலையே தாள்கள் வந்துவிட்டன. மாமாவுக்கு எழுத்து தெரியாது. நாலாவது வரை பள்ளிக்கூடம் போன என்னை வாசிக்கச் சொன்னார்.

கயிலை சேர்ந்ததும் அத்தைக்கு மூப்பு நீங்கிப் பதினாறு வயது ஆகிவிட்டதாம். கூந்தல் கார்மேகமாம். முகம் மறுவில்லாத நிலாவாம். போதாததற்கு மேலே ஒரு பெண் படம். கூந்தல் தைல விளம்பரத்தில் வருகிற அதே மூஞ்சி. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மாமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? நாளைக்கு நான் போய்ச் சேந்தா எவளைன்னு தேடறது? ஆத்தா போட்ட முத்தை அழிக்க இவன் யாரு?"

வாத்தியாரிடம் போய்க் கேட்டார். மேலுலகத்தில் யாருக்கும் தழும்பு கிடையாது, மாற்றினால் யாப்பு கெடும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். முப்பது வருஷம் சோறு போட்டவள் முகம் கெடலாம், அவர் யாப்பு மட்டும் கெடக்கூடாது.

நான் மைக்கூட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் நூறு தாளிலும் அந்த மூஞ்சியெல்லாம் புள்ளி வைத்தேன். கூந்தலில் சுண்ணாம்பால் நரை இழுத்தேன்.

மறுநாள் சபையில் வாத்தியார் தாளைப் பார்த்துவிட்டுக் குதித்தார், எந்தக் கழுதையின் வேலை என்று. எங்கள் வீட்டில் விசாரணை கிடையாது. அம்மா நேரே வந்து என் காதைத் திருகினாள். மாமா கையசைத்து அவளைத் தடுத்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அந்த முகத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"கமலவேணி, இடது கண்ணுக்குக் கீழே மூணு இருக்கும். நீ ரெண்டுதான் வெச்சிருக்கே. போய் பேனா எடுத்துக்கினு வாம்மா."