பூட்டிய அறைக்கு அடுத்த சுவர்

சுசீந்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஓர் அறை பூட்டியே கிடக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே வீட்டை வாடகைக்கு விடும்போது ஓர் அறையில் தங்கள் சாமான்களை அடைத்துப் பூட்டி, சாவியையும் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வளைகுடா போன வீட்டுக்காரர் என்னைவிட இளையவர். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிச் சேர்த்ததையெல்லாம் அதில் வைத்திருந்தார். தூசி படக்கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, கதவுக்கு அடியில் சாக்கைத் திணித்திருந்தார். அவ்வளவு பத்திரம்!

ஆனிச் சாரல் தொடங்கியதும், அந்த அறையை ஒட்டிய எங்கள் படுக்கையறைச் சுவரில் கரும்புள்ளிகள் வந்தன. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன். நாலு நாளில் திரும்பவும் வந்தன. பூசணம் ஏற ஏற மகளுக்கு இழுப்பும் ஏறியது. யூகேஜி படிக்கிற பிள்ளை, மூச்சுக்குத் திணறிக்கொண்டு என் சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சுவரைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுவரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நீங்க ஈரத்துணிய வீட்டுக்குள்ள கொடியில போட்டு உணக்குதீங்க. ஜன்னலத் தொறக்கதும் இல்ல. பின்ன சுவரு பூக்காம என்ன செய்யும்?"

"எங்க ஜன்னலு தொறந்துதான் கெடக்கு தம்பி. ஈரம் உங்க அறையிலேர்ந்து வருது. சாவிய யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்க."

"அது தங்கச்சிக்க சாமானாக்கும். லீவுக்கு வரும்போ நானே தொறந்து பாக்கேன்."

"அதுவரைக்கும் எம்பிள்ள மூச்சு விடாம இருக்கணுமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பூட்டை உடைக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். "நாளைக்கு ஒரு கரண்டி காணலன்னாலும் நாமதான் கள்ளன்" என்றார். வேறு வீடு தேடி அலைந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்த்த வீடுகளிலும் ஓர் அறை பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் கதவருகே நின்றபோதே அதே வாடை அடித்தது.

ஐப்பசியில் வீட்டுக்காரர் வந்து அறையைத் திறந்தார். மேல்தள விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. கம்பளி, மெத்தை, பட்டுச்சேலை எல்லாவற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஆத்திரம் அடங்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார்.

அனுப்பிய போட்டோக்களை அவர் முன்னால் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

லீவு முடிவதற்குள் விரிசலைப் பூசி, கெட்டதையெல்லாம் எரித்து, எங்கள் சுவருக்கும் சேர்த்து வெள்ளையடித்தார். இனிச் சரியாகிவிடும் என்று நம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல! அவர் புறப்படுவதற்கு முந்தின நாள் புதுச் சாமான்கள் வந்து இறங்கின. சுவர் காய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, ஜன்னல் இடுக்குகளில் இரட்டை டேப் ஒட்டிப் பூட்டினார்.

"இனி ஒரு சொட்டு ஈரம் உள்ள போவாது அக்கா" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்கே புள்ளிகள் வந்துவிட்டன. மகளின் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். இழுப்பு நிற்கவில்லை. இன்னும் தள்ளினோம். இப்போது கட்டில் எதிர்ச்சுவரில் முட்டி நிற்கிறது.