மோவாய்க் குழி

சடையனைப் பேச வைப்பதைவிடப் புளியமரத்தைப் பேச வைப்பது சுலபம் என்று ஜவ்வாது மலையில் கேலி செய்வார்கள். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்கத்தான், அறுபத்திரண்டு தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, தோளில் கேமராவோடு பட்டணத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் மலையேறி வந்தார்.

மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தவனிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. போளூர்ப் பக்கம் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர், பத்தொன்பது வருஷத்துக்கு முன் புளிக் குத்தகைக்காக அடுத்த ஊரில் வந்து தங்கியவர். அங்கே செல்லியோடு குடித்தனம் நடத்தி, அவளை வயிற்றுப் பிள்ளையோடு விட்டுவிட்டுக் கம்பி நீட்டியவர். அந்தச் செல்லிதான் இப்போது சடையனின் மனைவி. அவள் மகள் நீலாவதி யாருக்குப் பிறந்தவள் என்று சடையன் சொல்லிவிட்டால் போதும், ஆள் காலி என்றார்.

அந்த ஆள் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று சடையன் வேண்டாத நாளில்லை. ஆனால் நீலாவதிக்கு இதெல்லாம் தெரியாது. படவேட்டுக்குப் போயிருந்தவள் திரும்புகிற நேரம் வேறு.

பத்திரிகைக்காரர் தாளை விரித்து வேட்பாளரின் படத்தைக் காட்டினார். சடையன் அந்த முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மோவாயில் மகளுக்கு இருக்கிற அதே குழி. அவளை ஒருமுறை பார்த்துவிட்டால் இவருக்கு யார் சாட்சியும் வேண்டியதில்லை.

"செல்லியக் கட்டினப்பவே ஊரு கூடிக் கேட்டாங்க, வயித்துல கீற புள்ளையும் உன்னுதுதானான்னு. ஆமான்னேன். அதேதாங்க இன்னிக்கும். அவ எம் பொண்ணு."

கரடி நடமாட்டம் அதிகம், இருட்டுமுன் இறங்கிவிடலாம் என்று சொல்லி, படவேட்டுப் பாதையை விட்டு, சந்தவாசல் பக்கம் இறங்கும் செங்குத்துத் தடத்தில் தானே முன்னால் நடந்தான். பாதி வழியில் பள்ளத்துக்கு அப்பால் படவேட்டுப் பாதையிலிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்திரிகைக்காரர் நின்று, யார் அது என்று கேட்டார். விறகுக்குப் போன பெண்கள் என்றான் சடையன். திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டான்.

பத்திரிகையில் எதுவும் வரவில்லை. அந்த ஆள் ஜெயித்தே விட்டார். அதைக்கூடச் சடையன் விழுங்கிக்கொண்டான். அந்தப் படத்தைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. பதினெட்டு வருஷமாக மகள் முகத்தில் அவன் செல்லியை மட்டுமே பார்த்திருந்தான்.

கூழ் ஊற்ற வந்த நீலாவதி கேட்டாள்.

"இன்னாப்பா, இப்பெல்லாம் எம் மூஞ்சியவே பாக்க மாட்ற?"